முக்கால் இஞ்சுக்கு எத்தனை சூத்

கோகிலவாணியிடம் மணி என்ன என்று கேட்டால், "எதுக்குக் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்பாள் என்று வாசலூர்பட்டியில் சொல்வார்கள். அது முழுப் பொய் இல்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மழை வராது என்று யாராவது அடித்துச் சொன்னால் அன்றைக்குக் குடையோடு கிளம்புவாள். படகு விடும் ஏரிக்குப் போகிற ரோட்டோரம் நாலு கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, அன்னாசிப்பழம் அறுத்து விற்கிறாள். பழம் இனிக்குமா என்று டூரிஸ்டுகள் கேட்டால், "தின்னு பாத்துட்டு நீங்களே சொல்லுங்க" என்பாளே தவிர, இனிக்கும் என்று அவள் வாயால் சொன்னதில்லை. "தன்ற பழத்தையே நம்பாதவ" என்று பக்கத்துக் கடை கலைச்செல்வி கேலி செய்வாள்.

பிறக்கும்போதே அவள் அப்படி இல்லை. அவள் புருஷன் மணிவண்ணன் இதே மலையில் திருப்புலி நாட்டுப் பகுதிக்காரன். சில்வர் ஓக் மரத்தில் கால் வைத்தான் என்றால் அண்ணாந்து பார்ப்பதற்குள் உச்சியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருப்பான். கொடியெல்லாம் வாடல் நோயில் கருகிய வருஷம், மலையிலிருந்து பல பேர் போவதுபோல அவனும் போர்வெல் வண்டிக்கு வேலைக்குப் போனான். ஆந்திரா, ஒடிசா, ராய்ப்பூர் என்று வண்டி எங்கே போனாலும் பொங்கலுக்கும் ஆடி நோம்பிக்கும் ஊட்டுக்கு வந்துவிடுவான்.

ஒரு பொங்கலுக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான். ஆனால் அதே வண்டியில் வேலை செய்கிற செல்லமுத்து, கலைச்செல்வியின் புருஷன், வந்திருந்தான். கோகிலவாணி மணிவண்ணனுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். இந்தியில் என்னவோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். யார் அது என்று கேட்டதற்கு, மேஸ்திரி சம்சாரம் என்றான். மறுநாள் கேட்டபோது, மெஸ்ஸில் சமைக்கிறவள் என்றான். ஒரு பெண்ணுக்கு இரண்டு பதில். சண்டை முற்றி, கடைசியில், "நீ என்ன நெனைக்கறயோ நெனச்சுக்கோ" என்று சொல்லிவிட்டான். அவள் நினைத்துக்கொண்டாள். அவன் நம்பரைத் தடுத்து வைத்தாள். ஆடி நோம்பிக்கும் அவன் வரவில்லை, அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. ஊரில் யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்கிற எண்ணம் அவளுக்குள் அப்போதிலிருந்துதான் வேர் பிடித்தது.

மகள் தேன்மொழி இந்த வருஷம் ஏழாவது. பின்னமும் தசமமும் வந்ததிலிருந்து அவளுக்கும் கணக்குக்கும் ஆகவில்லை. கோகிலவாணியும் எட்டாவது வரை படித்தவள்தான். கீழே இருப்பதைத் தூக்கி மேலே போட வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது. எப்போது போட வேண்டும் என்பது மறந்துவிட்டது. பிள்ளை அழும், இவள் கத்துவாள், வீட்டுப்பாடம் முழுக்கச் சிவப்பு மையாய்த் திரும்பி வரும். மழைக்காலம் பாதி கழிந்தபோது அழுகை நின்றுவிட்டது. சரி, பிள்ளைக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது என்று இருந்துவிட்டாள். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிட்டோமே என்று பின்னால் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஏனென்றால் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. கணக்கு டீச்சர் வரச் சொன்னார்களாம்.

மைதிலி டீச்சர் ராசிபுரத்துப் பக்கம். கோகிலவாணியை வராந்தாவின் கடைசிக்குக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க பொண்ணு கிளாஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டாம்மா. என்னால வாயால சொல்லக்கூட முடியல."

"என்ன டீச்சருங்க? கெட்ட வார்த்தைங்களா?"

"முக்காலை எட்டில் ஒன்றால வகுத்தா என்னன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல. இவ எந்திரிச்சு ஆறுன்னுட்டா. சரியான விடை. எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். முக்கால் இஞ்சுக்கு ஆறு..." டீச்சர் அக்கம்பக்கம் பார்த்தார். "ஆறு சூத் அப்படின்னாம்மா. பசங்க பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாங்க. இவளுக்கு எதுக்குச் சிரிக்கிறாங்கன்னே தெரியல. அளவுதான் டீச்சர்ங்கறா. யாரு சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டா வாயை மூடிக்கிட்டா. வீட்டுப்பாடமும் இப்பல்லாம் ஒண்ணு தப்பில்லாம வருது. அது சந்தோஷம்தான். யாரு சொல்லித் தர்றாங்க?"

அந்த வார்த்தையைக் கோகிலவாணி முன்பே கேட்டிருக்கிறாள். போர்வெல் வேலைக்குப் போய் முதல் தடவை ஊருக்கு வந்த மணிவண்ணன், தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அந்த அஞ்சு சூத் ஸ்பேனரை எடு" என்றான். அவள் கரண்டியை ஓங்கிக்கொண்டு போனாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு இஞ்சை எட்டாக்கினால் அதில் ஒன்றுக்கு வடக்கே அப்படித்தான் பெயர், நம்மூர் ஆசாரி நூல் என்று சொல்வானே அதுதான் என்று விளக்கினான். இந்த மலையில் அந்த வார்த்தையைப் பேசுகிறவர்கள் போர்வெல் வண்டிக்குப் போனவர்கள்தான். அவர்களில் தேன்மொழிக்குச் சொல்லித்தரக்கூடியவன் ஒருத்தன்தான்.

"தெரியலீங்க டீச்சர். விசாரிச்சுச் சொல்றனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நடந்து வரும்போதே தன் செல்லை எடுத்துப் பார்த்தாள். தடுத்த நம்பர் தடுத்தபடியே இருந்தது. பிள்ளை இரண்டு தட்டுத் தட்டித் தடையை எடுத்து, பேசிவிட்டு மறுபடி தடுத்து வைக்கலாமே என்று தோன்றியது. ஆனால் செல் அவள் இடுப்பிலேயே இருக்கிறது. வீட்டில் சிக்னலும் கிடையாது. அப்படியானால் வேறு யாரோ நடுவில் இருக்கிறார்கள். யார்? எத்தனை நாளாக? கணக்கு சொல்லித்தருகிற சாக்கில் அந்த ஆள் பிள்ளையிடம் என்னவெல்லாம் கேட்கிறான்? உங்கம்மா யார்கூடப் பேசறா, கடைக்கு யார் வர்றாங்க, என்று கிளறுகிறானோ? பிள்ளையைக் கையில் போட்டுக்கொண்டு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்விடுவானோ? அந்த இந்திக்காரி பிள்ளைக்குச் சோறு போடுவாளோ?

நேராக யுவராஜின் செல் கடைக்குப் போனாள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எம் புள்ள இங்க வந்து போன் பேசுதா?"

"இல்லீங்க்கா."

"மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"உன்ற புள்ள இந்தப் படி ஏறி வருசமாச்சுக்கா. போன தடவ ரீசார்ஜுக்கு வந்தப்ப ஏமாத்தறேன்னு கத்துனயே, அப்புறம் நீயே வர்றதில்லையே!"

அவன் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பொய் சொல்கிறவன் இவ்வளவு கோபப்பட மாட்டான் என்று பட்டது. இருந்தாலும் வெளியே வந்து, மறுபடி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

கடைக்கு வந்ததும் கலைச்செல்வியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவளிடம் மட்டும்தான் கொட்டுவாள். கலைச்செல்வி முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பவள். முட்டிவலிக்கு நல்லது என்று மலைக்குக் கீழே இருந்து வரும் கீழ்நாட்டுக்காரர்கள் வரிசை கட்டி நின்று குடிப்பார்கள். பிரசவத்தின்போது ஜீப்பில் கோகிலவாணியை மடியில் சாய்த்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கியவள் கலைச்செல்விதான். இந்த உலகத்தில் சந்தேகப் பட்டியலில் சேராத ஒரே ஆள்.

"டிவியில கேட்டிருக்கும் புள்ள" என்றாள் கலைச்செல்வி, சூப்பைக் கிண்டிக்கொண்டே. "இந்தக் காலத்துப் புள்ளைக எங்கிருந்து எதைப் புடிக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

"டிவியில அளவு சொல்லித் தர்றானா?"

"யூடியூப்ல வந்திருக்கும். உடு."

தேன்மொழியைக் கேட்டுப் பார்த்தாள். மிரட்டிப் பார்த்தாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "நானேதாம்மா போட்டேன்" என்றது. அப்பனுக்கு இருக்கிற அதே பிடிவாதம். அடிக்கக் கை ஓங்கி, நிறுத்திக்கொண்டாள். அடித்தால் உஷாராகிவிடும். பின்தொடர்ந்து பிடிப்பதுதான் சரி என்று முடிவு செய்தாள்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் தேன்மொழி கடைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில்தான் கோகிலவாணி தோட்டத்துக்குப் போய் மறுநாளுக்குப் பழம் அறுத்துச் சுமந்து வருவாள். பிள்ளை எங்கேயோ நழுவுகிறதென்றால் அந்த நேரத்தில்தான் நழுவ வேண்டும். மறுநாள் கூடையை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பினாள். வளைவு தாண்டியதும் காப்பிச் செடிகளுக்குள் புகுந்து, கடைகளின் பின்பக்கமாகச் சுற்றி வந்து, ஒரு பலாமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பிள்ளை எந்தப் பக்கம் நடந்தாலும் தெரியும்.

பிள்ளை எங்கேயும் நடக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குள் நுழைந்தது. கலைச்செல்வி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். தன் செல்லை எடுத்து, உப்பு டப்பாவின்மேல் சாய்த்து வைத்து, எதையோ தட்டினாள்.

"சாமி, வந்துட்டயா?" என்றது மணிவண்ணனின் குரல்.

கோகிலவாணியை அவன் குரலைவிடக் கலைச்செல்வி ஸ்டூலைத் துடைத்துப் போட்ட விதம்தான் அதிகம் சுட்டது. தினமும் செய்து பழகிய கை அது. உள்ளே பாய்ந்து அந்தச் செல்லைச் சூப் அண்டாவில் போட்டுவிடலாம் போலிருந்தது. ஆனால் முதலில் கேட்க வேண்டும். அந்த ஆள் எப்போது தன்னைப் பற்றிக் கேட்கப்போகிறான் என்று தெரிந்தாக வேண்டும். தார்ப்பாய்க்குப் பின்னால் வந்து நின்றாள். ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியே செல்லின் திரை தெரிந்தது. இளைத்துப்போயிருந்தான். தாடி வைத்திருந்தான். பின்னால் வண்டியும், அடுக்கி வைத்த இரும்புக் குழாய்களும்.

"புள்ளி ஆறையும் புள்ளி நாலையும் பெருக்கச் சொல்லியிருக்காங்கப்பா. ரெண்டு புள்ளி நாலுன்னு போட்டேன்."

"ஏங்கண்ணு, புள்ளி ஆறுங்கறது ஒண்ணை விடப் பெருசா, சிறுசா?"

"சிறுசு."

"அதுல பாதியக்கூட நீ எடுக்கல. அப்புறம் ரெண்டுக்கு மேல எப்படிப் போகும்? ஒரு பலாப்பழத்துல பாதிக்கும் குறைச்சலா அறுத்துட்டு ரெண்டு பழம் இருக்குதுன்னா யாராச்சும் நம்புவாங்களா? உங்கம்மா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "புள்ளிக்குப் பின்னால எத்தனை எண்ணு இருக்குதுன்னு பாரு."

"ரெண்டு. அப்ப புள்ளி ரெண்டு நாலு!"

"அவ்வளவுதான்."

கோகிலவாணி காத்திருந்தாள். இப்போது கேட்பான், இந்தக் கணக்கு முடிந்ததும் கேட்பான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அடுத்த கணக்குக்குப் போனார்கள். அதற்கடுத்ததற்கும் போனார்கள். பின்னமும் தசமமும் தவிர அவன் வாயில் வேறு பேச்சு வரவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் பிடிக்கலாம் என்று வந்தவளுக்கு, கேட்காதது அதைவிட எரிச்சலாக இருந்தது.

"அஞ்சின் கீழ் எட்டு பெருசா, மூணின் கீழ் நாலு பெருசா?" என்று பிள்ளை கேட்டது. "அஞ்சும் எட்டும்தானே பெரிய எண்ணு?"

"இரு, காட்டறேன்" என்று அவன் ஒரு ஸ்பேனரை எடுத்துத் திரையின் முன்னால் பிடித்தான். "இது அஞ்சு சூத். வாயப் பாத்துக்கோ." அதைக் கீழே வைத்தான். இன்னொன்றை எடுத்துப் பிடித்தான். "இது முக்கால். ஆறு சூத். எது பெருசு?"

"சேத்துப் புடிச்சுக் காட்டுப்பா. அப்பத்தானே தெரியும்?"

"இதே போதும் சாமி. நல்லாப் பாரு." மறுபடி ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுத்தான்.

கோகிலவாணியின் நெற்றி சுருங்கியது. இரண்டு சாமானில் எது பெரியது என்று காட்டுகிறவன், கைக்கு ஒன்றாய்ப் பிடித்துப் பக்கத்தில் வைத்துத்தானே காட்டுவான்? இவன் ஒன்றைக் கீழே வைத்துவிட்டு ஒன்றை எடுக்கிறான். அதுவும் இடது கையால். மணிவண்ணன் இடதுகைக்காரன் இல்லை. வலது கை திரைக்குள் வரவே இல்லை. மூக்கைச் சொறிந்தபோதும் இடது கைதான். தினமும் பார்க்கிற பிள்ளைக்கு அது தெரியவில்லை, கலைச்செல்விக்கும் தெரியவில்லை. தார்ப்பாயைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

தேன்மொழி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டது. கலைச்செல்வியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"அந்தக் கையக் காட்டுங்க" என்றாள் கோகிலவாணி.

"கோகிலா..."

"சோத்துக்கையக் காட்டுங்க."

திரை இருண்டுவிட்டது.

அப்புறம் அங்கே நடந்த சண்டையில் சூப் குடிக்க வந்த இரண்டு பேர் குடிக்காமலே போய்விட்டார்கள். "உன்னையக்கூட நம்ப முடியாதுன்னா நான் இனி யாரத்தான் நம்பறது?" என்று கோகிலவாணி கேட்டாள். கலைச்செல்வி அழுதுகொண்டே சொன்னாள். ஒரு நாள் தேன்மொழி கணக்கு வராமல் கடையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்ததாம். அந்த நேரம் செல்லமுத்து வீடியோவில் கூப்பிட்டானாம். அழுகிறது யார் என்று பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தானாம் மணிவண்ணன். "என்ன கணக்கு சாமி?" என்றானாம். "நான் எப்புடிப் புள்ள செல்லப் புடுங்குவேன்? உங்கிட்டச் சொன்னா நீ விடமாட்டே. புள்ள மறுபடி அழும்." கையைப் பற்றி அவளுக்குத் தெரியாது என்று சத்தியம் செய்தாள். கோகிலவாணி அந்தச் சத்தியத்தை ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. "உன்ற புருசனக் கூப்புடு" என்றாள்.

போனில் செல்லமுத்து முதலில் மழுப்பினான். கோகிலவாணி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க, மூன்றாவது கேள்வியில் உடைந்துவிட்டான். வராமல் போன அந்தப் பொங்கலுக்கு முன்னால், குழாய் மாட்டும்போது இரும்பு நழுவி மணிவண்ணனின் வலது கை நசுங்கியிருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. நடுவிரல் மடங்காது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போனை எடுத்தவள் நர்ஸ். இப்போது வண்டியில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைதான் பார்க்கிறான்.

"ஊட்டுக்குச் சொல்லக்கூடாதுன்னு தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டானுங்க்கா. இந்தக் கையோட மலைக்கு வந்து என்ன பண்றது, ஒரு மரம்கூட ஏற முடியாதேன்னு அழுவான்."

"நர்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கோகிலவாணி. "கை போனது நெசம். அதுக்காக அவ நர்சுன்னு ஆயிருமா? எந்த ஆஸ்பத்திரி? பேரென்ன?"

செல்லமுத்து பேரைச் சொன்னான். கையில் கட்டோடு கட்டிலில் கிடக்கும் மணிவண்ணனின் படத்தையும் அனுப்பினான். கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளை உடுப்பில், அறுபதை நெருங்கிய ஒரு பருத்த அம்மாள் ஊசியோடு நின்றுகொண்டிருந்தாள். கோகிலவாணி அந்தப் படத்தைப் பெரிதாக்கி, அந்த அம்மாளின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்தக் கட்டைப் பார்த்தாள். அதன் பிறகுதான் பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதாள். பாவம் என்று அழுததைவிடக் கோபத்தில் அழுததுதான் அதிகம். இன்னொருத்தி இருக்கிறாள் என்று அவள் இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வேகட்டும் என்று விட்டிருக்கிறான்.

மறுநாள் அந்த நம்பரின் தடையை எடுத்துவிட்டு அவளே கூப்பிட்டாள்.

"ஊருக்கு வாரீங்களா, இல்லையா?"

"வந்து என்ன பண்றது கோகிலா? மரம் ஏற முடியாது."

"மரம் ஏறச் சொல்லி யாருங்க கூப்பிட்டா? தசமத்துல வகுத்தல் ஆரம்பிச்சிருக்காங்களாம். புள்ளைக்குச் சொல்லித்தர ஆள் இல்ல."

"போன்லயே..."

"போன்ல நீங்க சொல்றதுல பாதி பொய்யி. நேருல வாங்க."

மார்கழிக் கடைசியில் பஸ்ஸிலிருந்து இறங்கினான். வலது கையைத் துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தான். தேன்மொழி ஓடிப்போய் இடது கையைப் பிடித்துக்கொண்டது. வழியில் எதிர்ப்பட்டவர்கள் "ஏனுங்க, எப்ப வந்தீங்க?" என்று கேட்டபோதெல்லாம் அவர்கள் பார்வை எங்கே போகிறது என்று கோகிலவாணி பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் காப்பி போட்டு டம்ளரை நீட்டினாள். அவன் இடது கையை நீட்டினான். அவள் டம்ளரை விடவில்லை.

"அந்தக் கையில வாங்குங்க."

"சுடும்..."

"சுடாது. ஆத்தித்தான் வெச்சிருக்கேன்."

துண்டு விலகியது. இருந்த விரல்களால் டம்ளரைப் பிடித்தான். கொஞ்சம் சிந்தியது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். கீழே விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

சற்று நேரத்தில் தேன்மொழி புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டது. "அப்பா, நாலு புள்ளி எட்டைப் புள்ளி ஆறால வகுத்தா?"

"ரெண்டு பக்கமும் புள்ளிய ஒவ்வொரு எடம் தள்ளு கண்ணு. இப்ப என்ன ஆச்சு?"

"நாப்பத்தெட்டு. இங்க ஆறு."

"அப்புறம் என்ன?"

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கோகிலவாணி உள்ளே போய் அவனுடைய பையைப் பிரித்தாள். லுங்கி, சட்டை, ஒரு மருந்துக் களிம்பு, பிள்ளைக்கு வாங்கிய வளையல். அடிவரை துழாவினாள். திரும்பிப் போகிற ரயில் டிக்கெட் இல்லை. இப்போதெல்லாம் டிக்கெட்டைச் செல்லிலேயே எடுத்துவிடலாம் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. முன்னறைக்குப் போய்க் கையை நீட்டினாள். அவன் செல்லைக் கொடுத்துவிட்டான். அதையும் பார்த்தாள். இல்லை.

"பொங்கல் கழிஞ்சும் இருப்பீங்களா?"

"இருப்பேன் கோகிலா."

"பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, உலையில் சோற்றுக்கு இன்னொரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டாள்.